தராசில் ஏறும் முன் ஒரு வார்த்தை

கே: “உடம்பு நல்லா இருக்கணும், அதான் இளைக்கிறேன்” என்று டாக்டரிடம் சொன்னேன். உண்மையில் டிசம்பரில் அக்கா மகள் நிச்சயதார்த்தம். இது பொய்யா, ஐயா?
- வாசகி, தானா ராத்தா

ப: பாதிப் பொய். படத்தில் ஒல்லியாகத் தெரிய ஆசைப்படுவது குற்றமில்லை. அந்த ஆசைக்கு வெள்ளைக் கோட்டு மாட்டிவிடுவதுதான் வம்பு. விசேஷம் முடிந்த மறுநாள் மிச்ச லட்டு உங்கள் வீட்டுக்குத்தான் வரும். காரணமும் காலி, டயட்டும் காலி. “டிசம்பர் வரை சேலைக்காக, ஜனவரியிலிருந்து எதற்காக?” என்று இப்போதே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் ஜாக்கெட்டில் கொஞ்சம் துணி உள்ளே விட்டுத் தைக்கச் சொல்லிவிடுங்கள்.

கே: ஒரே வாரத்தில் 3 கிலோ குறைந்துவிட்டேன். பாராட்டக்கூடாதா?
- வாசகர், கம்போங் ராஜா

ப: ஏறக்குறைய 5 கிலோ பச்சைக் கொழுந்து ஆலைக்குள் போய் 1 கிலோ தேயிலையாக வெளியே வருகிறது. போனது தண்ணீர். உங்கள் முதல் வாரமும் பெரும்பாலும் அதே கதைதான். மாலைக்கு ஆறு வாரம் பொறுங்கள்.

கே: எங்கள் பாட்டி காலத்தில் இந்த எடைப் பைத்தியம் உண்டா?
- வாசகி, ரிங்லெட்

ப: தராசு உண்டு. ஏறியது பாட்டியல்ல, கொழுந்துக் கூடை. 1929-ல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டமானாலும் சரி, பக்கத்துத் தோட்டமானாலும் சரி, நிறுவை நேரம் என்றால் வரிசை அமைதியாகிவிடும். மழை நாளில் ஈரத்துக்கென்று எவ்வளவு கழிப்பார்களோ என்று எல்லாக் கண்ணும் முள்ளின் மேலேயே இருக்கும். எடை கூடிவிட்டதே என்று வருத்தப்பட்ட ஒருத்தியும் அந்த வரிசையில் இல்லை. பாட்டி ஒல்லியாக இருந்தார், உண்மைதான். சரிவும் கூடையும் அளந்து கிடைத்த அரிசியும் அதைப் பார்த்துக்கொண்டன. அதைப் போய் ‘அந்தக் காலத்து ஆரோக்கியம்’ என்று இன்று புகழ்கிறார்களே, எனக்கு எரிச்சல் வரும். பசிக்கு டயட் என்று பெயர் வைக்காதீர்கள்.

கே: பிரிஞ்சாங் மலை உச்சியில் நிறுத்துப் பார்த்தால் எடை குறைவாகக் காட்டுமாமே?
- மாணவன், பிரிஞ்சாங்

ப: காட்டும். 2,000 மீட்டர் உயரத்தில் ஈர்ப்பு விசை ஒரு துளி குறைவு. 80 கிலோ ஆளுக்குச் சில பத்து கிராம் லாபம். இறங்கி வரும் வழியில் சுங்கை பாலாஸில் ஒரு ஸ்கோன் தின்றால் கணக்கு நேர். ஜாமும் கிரீமும் கடன்.

கே: இனிப்புநீர் வந்துவிடும் என்ற பயத்தில் என் கணவர் தினமும் நடக்கிறார். திரும்பி வரும்போது தே தாரேக் வாசனை வருகிறது.
- வாசகி, பிரிஞ்சாங்

ப: நடை பயத்துக்கு, பாதை மாமாக் கடைக்கு. கெட்டிப்பாலில் கிட்டத்தட்டப் பாதி சீனி. 100 மில்லியில் 5 கிராமுக்கு மேல் சீனி இருக்கும் போத்தல் பானங்களுக்கு 2019 ஜூலை 1 அன்று, தொடக்கத்தில் லிட்டருக்கு 40 சென் என்று, வரி போட்டது அரசாங்கம். இழுத்து ஆற்றும் தே தாரேக்குக்கு அந்த வரி இல்லை, அவ்வளவுதான். அவர் போவது கூட்டாளிகளுக்காக என்றால் அதைச் சொல்லிவிட்டே போகட்டும். கூட்டாளிகள் பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங்குக்கும் கிடைப்பார்கள்.

கே: காரணம் எதுவானால் என்ன, எடை இறங்கினால் சரிதானே?
- வாசகர், ஹாபு

ப: அப்படித்தான் நானும் நினைத்தேன். சென்ற ஆண்டு கிளினிக்கில் தாதி காரணம் கேட்டார். “முழங்கால் வலி” என்றேன். உண்மை வேறு: பள்ளித் தோழர்கள் ஒன்றுகூடல், தொப்பையோடு முன்வரிசையில் நிற்க மனமில்லை. முழங்காலுக்கென்று பயிற்சி எழுதிக் கொடுத்தார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கிக்கொண்டே கண்ணாடியில் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்கால் பலப்பட்டது. தொப்பை அப்படியே.

காரணத்தை மாற்றிச் சொன்னால் அளவுகோலும் மாறிப்போகும், ஐயா. அப்பாவுக்கு இனிப்புநீரால் கால் விரல் எடுத்த பயம் என்றால் தராசை விடுங்கள். இரத்தத்தில் சீனியைப் பாருங்கள், இடுப்பில் நாடா வையுங்கள். நம்மவர்களில் ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 என்பது எச்சரிக்கைக் கோடு. மேட்டில் ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றால், எந்தத் திருப்பத்தில் நிற்க வேண்டியிருக்கிறது என்று குறித்து வையுங்கள். அடுத்த மாதம் அந்தத் திருப்பம் தள்ளிப் போகிறதா பாருங்கள். “நல்லா பூசினாப்புல இருக்கியே” என்று நாத்தனார் சொன்னதுதான் குத்துகிறதா? அதற்குத் தராசே கிடையாது. 10 கிலோ இறங்கிப் போய் நின்றாலும், “என்ன, சீக்காளி மாதிரி ஆயிட்டே?” என்பார்.

கே: யாருக்கும் தெரியாமல் எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொள்ளலாமா?
- பெயர் வேண்டாம், தானா ராத்தா

ப: ஊசி வேலை செய்கிறது. 2021-ல் வெளிவந்த செமாகுளூட்டைட் ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 விழுக்காடு எடை இறங்கியது. நிறுத்தியவர்களுக்கு ஓராண்டுக்குள் அதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. ஊருக்குத் தெரிய வேண்டாம்; டாக்டருக்குத் தெரியாமல் வேண்டவே வேண்டாம்.

கே: உங்கள் எடை என்ன, ஐயா? மழுப்பாமல் சொல்லுங்கள்.
- வாசகர், புளூ வேலி

ப: 84 கிலோ. போன மாதம் இதே பக்கத்தில் ‘80 இருக்கும்’ என்று எழுதியவன் நான்தான். திருத்திப் படிக்கவும்.