ஐந்து கட்டத்துக்குள் அடங்காதது

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்குக் குறுக்கெழுத்து போடுகிறவர் ஊவாத் தேயிலைத் தோட்டங்களின் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை என்பது என் முடிவு. பார்த்திருந்தால் பதுளைக்காரர்களிடம் 'குறைப்பது, 5 எழுத்து' என்று கேட்டிருப்பாரா? அவர் மனசில் இருந்தது 'குறைத்தல்' என்ற ஒரே விடை. எங்கள் வீட்டில் அந்த ஐந்து கட்டத்துக்கு நாலு பேர் வரிசையில் நின்றார்கள்.

பெரியப்பா யோசிக்கவே இல்லை. "கழித்தல்" என்றார். ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை அல்லவா! கூடைக்கு, ஈரத்துக்கு, முற்றல் இலைக்கு என்று தராசடியில் ஆயுசெல்லாம் கழித்த கை. அத்தைக்குப் பொறுக்கவில்லை. "அரைப்பேர்னு போடு. காலையில இருந்து கொழுந்து எடுத்தும் கிலோ வரலன்னா செக்ரோல் பதிவுல அரைநாள்தானே விழும்? 2021ல நாள் சம்பளம் 1,000 ரூபான்னு வர்த்தமானியே வந்துச்சு. அப்புறம் கிலோவைக் கூட்டுனாங்க, வேலைநாளைக் குறைச்சாங்க." பெரியப்பா சட்டென்று பத்திரிகைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

மச்சான் தேயிலைச் செடி வெட்டும் கத்தி பிடிக்கிறவன், 'கவ்வாத்து' என்றான். தொழிற்சாலையில் வேலை செய்யும் தம்பி 'வாட்டுதல்' என்றான். அவனிடமும் நியாயம் உண்டு. ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக்கொழுந்து போனால் ஒரு கிலோ தேயிலைதான் வெளியே வரும். அதைவிடப் பெரிய வேடிக்கை ஆடிக்கு மேல் வீசும் வறட்டுக் காற்று. கொழுந்தைக் குறைத்துவிடும்; ஊவாத் தேயிலையின் மணத்தையும் விலையையும் ஏற்றிவிடும். அந்த ஏற்றம் நாங்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் இறங்கி வந்ததாகச் செய்தியில்லை.

கடைசியில் மேலிருந்து கீழாக 'ரயில்' வந்து (பதுளைக்கு அது வந்தது 1924இல்) ஐந்தாம் கட்டத்தில் 'ல்' வைத்தது. அத்தையும் மச்சானும் அவுட். "இங்கயும் எனக்கு அரைப்பேர்தானா?" என்றார் அத்தை.

கட்டம் போட்டு ஆளைக் கழிப்பது மலையகத்துக்குப் புதிதல்ல. 1964இல் கொழும்பும் டில்லியும் உட்கார்ந்து, குடியுரிமையில்லாத தோட்டத் தமிழரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று எழுதின. கட்டத்தில் அடங்காத 150,000 பேரை 1974இல் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டன. எங்களில் எவரிடமும் விடை கேட்கவில்லை.

குறுக்கெழுத்து ஐயா, ஒரு விண்ணப்பம். அடுத்த வாரம் 'கூட்டுவது' என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாகப் போகும்.