எட்டரை அங்குலம்

முள்ளிப்பட்டில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் ஒரே ஆள் நான்தான். இதை ஊரில் யாரும் மறுப்பதில்லை. அது ஸ்போர்ட்ஸ் கார்தானா என்பதில்தான் தகராறு.

வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இரண்டு கதவு, 948 சி.சி., சுமார் 35 குதிரைத்திறன். நாடு முழுக்க அம்பாசிடரும் ஃபியட்டும் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், மெட்ராஸ் தன் பங்குக்கு வண்டலூர் பக்கத்திலிருந்து 1961 முதல் செய்து அனுப்பிய கார். இதன் மூல வண்டி இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டு, 1959-இல் வந்தது. உருவம் வரைந்தவர் இத்தாலியில் டூரின் நகரத்து ஜியோவானி மிக்கெலாட்டி. அதே மிக்கெலாட்டிதான், ஹெரால்டின் அடிச்சட்டத்தில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே எட்டரை அங்குலத்தைக் குறைத்து, மேலே கூரையில்லாத உடம்பு ஒன்றை வரைந்து கொடுத்தார். 1962-இல் அது ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற பெயரில் வெளிவந்தது. ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார் என்பதில் உலகத்தில் எவருக்கும் சந்தேகமில்லை. என் வண்டி அதன் கூடப்பிறந்த அண்ணன். தம்பி டாக்டரென்றால் அண்ணனிடமும் ஊர் மருந்து கேட்கத்தானே செய்கிறது?

இந்த வம்சாவளியை எங்கள் நைனாவிடம் விளக்கினேன். அவர் குழித்தறியில் உட்கார்ந்து நாடா தள்ளிக்கொண்டே கேட்டார்.

"எவ்ளோ கொறைச்சான்?"

"எட்டரை அங்குலம், நைனா."

"நான் பொடவையில எட்டரை அங்குலம் கொறைச்சா மொதலாளி மூஞ்சில வீசுவாரு. அவனுக்கு ஸ்போர்ட்ஸ் காருன்னு பேரா?"

எனக்கு ஜக்கார்டு டிசைன் வரைவது தொழில். கட்டத்தாளில் மயிலும் அன்னமும் ருத்ராட்சமும் வரைகிறவனுக்குக் கோடு பார்த்தால் கை சும்மா இருக்காது. ஹெரால்டின் முகப்பு விளக்குக்கு மேலே புருவம்போல் ஒரு மடிப்பு வரும். பின்னால் வாலில் சின்னதாக ஒரு தூக்கல். முந்தியில் வைக்கலாமா என்றுகூட யோசித்திருக்கிறேன். அசல் ஸ்பிட்ஃபயர் வாங்க எனக்கு வழியில்லை. அந்தக் காலத்து இறக்குமதி வரியைக் கேட்டாலே கார் ஆசை தானாக இறங்கிவிடும். ஆனால் ஹெரால்டு விலைக்கு வரும் என்று சித்தப்பா சொன்னார்.

சித்தப்பா என் பக்கத்துச் சாட்சி. மெட்ராசுக்குப் புடவை போடப் போனபோதெல்லாம், பணம் வரும்வரை இருந்துவிட்டு, சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் நடக்கும் ரேஸுக்கும் போய்விட்டு வந்தவர். "ஹெரால்டு ரேஸ்ல ஓடுனத இந்தக் கண்ணால பாத்தேன்ணா" என்று நைனாவிடம் சத்தியம் செய்தார்.

"ஓட்டுனதயா, தள்ளுனதயா?" என்றார் நைனா.

வண்டி கிடைத்தது வேலூரில், தொண்ணூறுகளின் நடுவில். விற்றவர் ஓய்வுபெற்ற பெரியவர். சாவியோடு ஒரு மஞ்சள் பையும் கொடுத்தார். அதில் ஃபேன் பெல்ட், பாயிண்ட் செட், கண்டென்சர், இரண்டு ஸ்பேனர், தடிமனாகச் சுற்றிய தேங்காய் நார்க் கயிறு. மற்றதெல்லாம் புரிந்தது. "கயிறு எதுக்கு சார்?" என்றேன். "தேவைப்படும்போது தெரியும் தம்பி" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

வேலூர் வெயிலைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இங்கிலாந்துக்காரன் எஞ்சின் ஓரமாக வைத்த பெட்ரோல் பம்ப்புக்கு அதை யாரும் சொல்லி அனுப்பவில்லை. குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி, கண்ணமங்கலம் தாண்டியதும் வண்டி இருமி நின்றது. டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஈரத்துணி போடு, ஏர்லாக்கு" என்றார். கூட வந்திருந்த நைனா தோள் துண்டை நனைத்துப் பம்ப்பின் மேல் சுற்றினார். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் வண்டி கிளம்பியது. அந்தத் துண்டு அதோடு வண்டியின் சொத்தாகவே ஆகிவிட்டது. நைனா வேறு துண்டு வாங்கிக்கொண்டார்.

தெருவுக்குள் வந்ததும் ஊரை மயக்கியது பானெட்தான். ஹெரால்டில் மூடி மட்டும் தனியாகத் திறக்காது. மட்கார்டு, முகப்பு விளக்கு, மூக்கு எல்லாம் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். டயர் மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். பசங்கள் அதைத் திறக்கச் சொல்லி வரிசையில் நின்றார்கள். திறப்பதற்கு நான் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை; வண்டியே தினம் ஒன்று கொடுத்தது.

அடுத்த விஷயம் சத்தம். ட்ரையம்ஃப் கம்பெனிக்கு உடம்பு செய்து கொடுத்த தொழிற்சாலையைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டதாம். ஒரே துண்டாக உடம்பு செய்ய வழியில்லாமல், துண்டு துண்டாகச் செய்து அடிச்சட்டத்தில் போல்ட் போட்டுப் பூட்டினார்கள். வருஷம் ஆக ஆக ஒவ்வொரு போல்ட்டும் தனித்தனியாகப் பேச ஆரம்பிக்கும். மெக்கானிக்குகளுக்கு எது பேசுகிறது என்று தெரியாது. எதிர்வீட்டுப் பெரியவருக்குத் தெரியும். நாலைந்து தறி ஒன்றாக அடிக்கும் வீட்டில் உட்கார்ந்து, எந்தத் தறியில் எந்தக் கயிறு தளர்ந்தது என்று காதால் சொல்கிறவர் அவர். நான் தெருமுனை திரும்பும்போதே திண்ணையிலிருந்து குரல் வரும்: "இடது பக்கம், பின்கதவு... இல்ல, உனக்குப் பின்கதவு கெடையாது, டிக்கி கிட்ட, ரெண்டாவது." போய்ப் பார்த்தால் சரியாக அதுதான் ஆடிக்கொண்டிருக்கும்.

பின்கதவு இல்லாதது இங்கே எல்லோருக்குமே மனக்குறை போலிருக்கிறது. அறுபதுகளின் கடைசியில் கம்பெனியே நாலு கதவு ஹெரால்டு போட்டது. ட்ரையம்ஃப் அப்படி ஒன்றை விற்றதே கிடையாது. அது முழுக்க மெட்ராஸ் யோசனை. கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போகிறவன் முன்சீட்டை மடக்கிப் பாட்டியை உள்ளே தள்ள முடியுமா? நான் மட்டும் இரண்டு கதவில் விடாப்பிடியாக இருந்தேன். அதுவும் போனால் ஸ்போர்ட்ஸ் உறவே அறுந்துவிடும்.

காலையில் எங்கள் தெருவில் பாவு நீட்டியிருப்பார்கள். தெரு நீளத்துக்கும் பட்டு இழை விரிந்து கிடக்கும். ஆட்கள் நடுவில் நின்று இழை பிரிப்பார்கள். அந்த நேரம் மந்திரியே வந்தாலும் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். இங்கேதான் ஹெரால்டு தன் மானத்தைக் காப்பாற்றியது. முன்சக்கரம் தாறுமாறாக மடங்கும். 25 அடி வட்டத்துக்குள் முழுத் திருப்பம். லண்டன் டாக்சி அளவுக்குத் திரும்பும் என்று அந்தக் காலத்திலேயே விளம்பரம். அம்பாசிடர் முன்னும் பின்னும் போய்ப் புழுதி கிளப்பும் இடத்தில், பாவுக்குக் கையகலம் இடம் விட்டு நான் ஒரே வீச்சில் திருப்பிக்கொண்டு போவேன். "திரும்பறது மட்டும் நல்லாத் திரும்புது" என்றார் நைனா. வண்டி வந்ததிலிருந்து அவர் வாயிலிருந்து விழுந்த முதல் பாராட்டு.

அந்தத் தைரியத்தில், அடியில் படுத்து வேலை பார்க்கத் தறிக்குழியை ஒருநாள் ஒழித்துத் தர முடியுமா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அம்மாதான், "சோறு போட்ட குழிடா அது" என்று என்னை வெளியே அனுப்பினாள்.

ஹெரால்டின் கூரையும் போல்ட்டில்தான் நிற்கிறது என்று சித்தப்பா கண்டுபிடித்த அன்றுதான் வண்டிக்கு நிஜமான பதவி உயர்வு. அவர் மகனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார் வேண்டும். வாடகைக்குக் கேட்டால் தொகை தலை சுற்றியது. கூரையைக் கழற்றினோம். சிவப்பு நிறம், சம்பங்கி மாலை, மேலே வானம். சத்தியமாக ஸ்பிட்ஃபயர்.

பின்னால் மாப்பிள்ளையும் பொடிசுகளும் ஏறியதும் பின்சக்கரம் இரண்டும் அடியில் காலை அகட்டிக்கொண்டன. இந்த வண்டியின் பின் அச்சு அப்படி, பாரம் ஏறினால் தெரிந்துவிடும். அதையும் ஸ்போர்ட்ஸ் நிற்பு என்று சமாளித்தேன். நாதஸ்வரத்தின் வேகத்துக்கு ஊர்ந்ததில் ரேடியேட்டர் கொதித்து, பிள்ளையார் கோயில் முனையில் ஆவியோடு நின்றது. அப்போதுதான் மஞ்சள் பைக் கயிறு புரிந்தது. டியூப்லைட்டுக்கு ஜெனரேட்டர் இழுத்து வந்த டிராக்டரில் கட்டினார்கள். கல்யாண வீடியோவில் பார்த்தால், அதற்கப்புறம்தான் மாப்பிள்ளை முகத்தில் நிம்மதி. குலுங்காமல், அதிராமல், ராஜா மாதிரி போகிறார்.

2021-இல் மத்திய அரசு பழைய வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது வயது தாண்டினால் 'விண்டேஜ்' என்று பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், நம்பரில் வி.ஏ. என்ற எழுத்து. ஆனால் அன்றாட ஓட்டத்துக்கு எடுக்கக் கூடாது. கண்காட்சிக்கு, ஊர்வலத்துக்கு, பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க மட்டும் சாலைக்குக் கொண்டுவரலாம். படித்துவிட்டுச் சிரித்தேன். என் வண்டி பிறந்ததிலிருந்து இந்தச் சட்டப்படிதான் நடந்துவருகிறது.

போன தை மாதம் சென்னையிலிருந்து ஒரு பையன் விலை கேட்டு வந்தான். பானெட்டைக் கவிழ்த்து, அடிச்சட்டத்தைத் தடவிப் பார்த்து, "அங்கிள், இது ஸ்பிட்ஃபயர் சேஸிதானே?" என்றான். இத்தனை வருஷத்தில் இந்தத் தெருவில் நின்று அதைச் சொன்ன முதல் மனிதன். நான் வாயைத் திறப்பதற்குள் திண்ணையிலிருந்து நைனா முந்திக்கொண்டார்.

"அதவிட எட்டரை அங்குலம் கூட இருக்குது கண்ணு. அதுக்கும் சேத்து வெல சொல்லு."