ஒருக்களித்து நிற்கும் ஊர்

சார்ல்ஸ்டன் நகரத்து வீடுகளுக்கு முகம் கிடையாது, கன்னம் மட்டும்தான். கேமராவோடு போகிறவனுக்கு அரை மணி நேரத்தில் இது புரிந்துவிடும். தென் கரோலினாவின் கடலோரத்தில் 1670-ல் ஆங்கிலேயர் குடியேறி, 1680-ல் இப்போதுள்ள தீபகற்பத்துக்கு இடம் மாற்றிய ஊர் இது. இங்கே ‘சிங்கிள் ஹவுஸ்’ என்று ஒரு வகை வீடு. அகலம் ஓர் அறை அளவுதான். அந்த ஒல்லிப் பக்கத்தைத் தெருவுக்குக் கொடுத்துவிட்டு, மிச்ச வீடு முழுக்க மனைக்குள் நீளமாகப் போய்விடும். நீளப் பக்கத்தில் மாடிக்கு மாடி தாழ்வாரம். அதற்குப் ‘பியாசா’ என்று பெயர். காற்று வரட்டும் என்று பெரும்பாலும் தெற்கே அல்லது மேற்கே பார்த்துக் கட்டியிருப்பார்கள். தெருவோரம் கம்பீரமாக ஒரு கதவு நிற்கும். அதைத் திறந்தால் கூடம் வராது, தாழ்வாரம்தான் வரும். கதவைத் தாண்டி உள்ளே போனவர் இன்னும் வெளியேதான் இருப்பார்.

சார்லட் நகரில் வேலை பார்க்கும் அக்கா மகன் கார் ஓட்ட, அம்மாவும் நானும் போயிருந்தோம். நான் போனது கட்டடங்களைப் படம் எடுக்க. அம்மாவுக்கோ புகைப்படம் பற்றி அசைக்க முடியாத கொள்கை ஒன்று உண்டு: படம் என்றால் அதில் ஆள் இருக்க வேண்டும். “ஏய்யா, வெறும் சுவத்தை எதுக்கு எடுக்கே? ஓரமா நான் நிக்கேன், எடு” என்பாள். ஆகவே அமெரிக்கக் கட்டடக்கலை வரலாற்றின் முக்கியமான தூண்கள் பலவும் என் தொகுப்பில் அம்மாவுக்குப் பின்னால்தான் நிற்கின்றன.

அந்த ஊரில் வெயில்கால ஈரப்பதம் கேமராவின் ஜென்ம விரோதி. ஏசி காரிலிருந்து இறங்கிய மறுநொடி லென்ஸில் பனி படர்ந்து, ஊரே ஆவி உலகமாகிவிடும். விவரம் தெரிந்தவர்கள் கேமராவைக் குளிரில் வைக்காமல் டிக்கியில் வைத்துக் கொண்டுபோவார்கள். அக்கா மகன் விவரம் தெரிந்தவன். “கேமராவை டிக்கியில போட்டு அடைச்சிட்டீங்களே, அதுக்கு மூச்சு முட்டாதா?” என்று அம்மா வழியெல்லாம் விசனப்பட்டாள். “ஆச்சி, அதுக்கு வேர்க்காது” என்று அவன் சொன்ன சமாதானம் எடுபடவில்லை.

எல்லோரும் முதலில் போகுமிடம் ஈஸ்ட் பே தெருவில் இருக்கும் ‘ரெயின்போ ரோ’. ஒன்றோடொன்று ஒட்டிய 13 வீடுகள்; இளஞ்சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று வரிசையாக நிற்கும். கிழக்கே பார்த்த வரிசை என்பதால் காலை வெயிலில்தான் எடுக்க வேண்டும். இந்த ரகசியம் தெரிந்த அத்தனை பேரும் காலையிலேயே வந்துவிடுகிறார்கள். மணப்பெண்கள், பட்டம் வாங்கியவர்கள், நாய்க்குத் தொப்பி மாட்டிக் கூட்டிவந்தவர்கள் என்று வரிசை நீளும். குடித்துவிட்டு வரும் மாலுமிகள் வீடு மாறிப் போகாமலிருக்கத்தான் இந்த நிறங்கள் என்று வழிகாட்டி ஒருவர் முழங்கிக்கொண்டிருந்தார். உண்மை அவ்வளவு போதையானது அல்ல. பாழடைந்து கிடந்த இந்த வரிசையில் டாரதி லெக் என்ற பெண்மணி வீடு வாங்கி, 1931 வாக்கில் இளஞ்சிவப்பு அடித்தார். அக்கம்பக்கத்தாரும் ஆளுக்கொரு நிறமாகத் தொடர்ந்தார்கள். சுவர் பதினெட்டாம் நூற்றாண்டு. நிறத்துக்கு இன்னும் நூறு வயது ஆகவில்லை.

நான் சட்டகம் வைத்துக் குறிபார்த்தபோது மஞ்சள் வீட்டுக்காரர் அரைக்கால் சட்டையுடன் குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு வெளியே வந்தார். எங்களைப் பார்த்ததும் நின்று, தொட்டியை உள்ளே இழுத்துக்கொள்ளவா என்று தென்னகத்துப் பணிவோடு கேட்டார். நான் தலையாட்டுவதற்குள் அம்மா சைகையால் தடுத்துவிட்டாள். “இருக்கட்டும்யா. இப்பத்தான் குடியிருக்கிற வீடு மாதிரி இருக்கு.”

இத்தனை பழைய வீடுகள் தப்பிப் பிழைத்ததற்கு முதல் காரணம் வறுமை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்கள் தோற்ற பிறகு, இடித்துப் புதிதாகக் கட்ட ஊரில் காசில்லை. பெயின்ட் அடிக்க வசதியில்லை, சுண்ணாம்பு அடிக்கக் கௌரவம் இடம்கொடுக்கவில்லை என்று அந்தக் காலத்தை உள்ளூரில் சொல்வார்கள். இடிக்கும் அளவுக்குக் காசு வரத் தொடங்கியபோது, 1920-ல் சூசன் பிரிங்கிள் ஃப்ராஸ்ட் போன்ற பெண்கள் சங்கம் வைத்துச் சண்டை போட்டார்கள். 1931-ல், பழைய வட்டாரம் ஒன்றை அப்படியே காப்பாற்ற நாட்டிலேயே முதல் நகரச் சட்டம் இங்கே வந்தது. இப்போது தெருவில் தெரியும்படி எதை மாற்றுவதானாலும் நகரத்தின் கட்டடக்கலைக் குழு சம்மதிக்க வேண்டும். அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. “நம்ம வீட்டுக்கு வெள்ளையடிக்க ஊரானைக் கேக்கணுமா?”

அவளுக்கு அதைவிடப் பிடிக்காத சேதி ஒன்றும் கிடைத்தது. சிங்கிள் ஹவுஸின் வடக்குச் சுவர் அடுத்த வீட்டுத் தாழ்வாரத்தைப் பார்த்தபடி இருக்கும். அங்கே உட்கார்ந்திருப்பவர்களின் அந்தரங்கத்தைக் கருதி அந்தச் சுவரில் ஜன்னல்களைக் குறைத்து வைப்பார்கள். இருக்கிற ஜன்னல் வழியாகவும் எட்டிப் பார்ப்பதில்லை. அம்மாவால் நம்பவே முடியவில்லை. “அப்போ பக்கத்து வீட்டுல என்ன குழம்புன்னு எப்படித் தெரியும்?”

சுற்றுலாக் குதிரை வண்டிகள் வேறு சட்டகத்துக்குள் வந்துகொண்டே இருக்கும். எந்த வண்டி எந்தப் பக்கம் போகலாம் என்பதைக் குலுக்கல் போட்டு முடிவு செய்கிறார்கள். லத்தியைப் பிடிக்க வண்டியிலேயே ஏற்பாடு உண்டு. சிறுநீருக்கு அது முடியாததால், வண்டிக்காரர் அந்த இடத்தில் கொடி வைத்த ஓர் அடையாளத்தைப் போட்டுவிட்டுப் போவார். பின்னாலேயே கழுவும் வாகனம் வரும். பழைய தெருவொன்றைப் பாடுபட்டு எடுத்துக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால், நட்டநடுவே ஒரு கொடி பெருமிதத்தோடு நிற்கும்.

மீட்டிங் தெருவும் பிராட் தெருவும் சந்திக்கும் மூலையில் செயின்ட் மைக்கேல் தேவாலயம். 1752-ல் தொடங்கி 1761-ல் திறந்தது. வெள்ளைக் கோபுரம் 186 அடி. அம்மா ஐந்தடிக்கும் குறைவு. இருவரும் ஒரே படத்தில் உச்சி முதல் பாதம் வரை முழுசாக விழ வேண்டும் என்று உத்தரவு. கேமராவை அண்ணாந்து பிடித்தால் கோபுரம் மல்லாக்கச் சாயும். தூரமாகப் போய் எடுத்தால் கோபுரம் நிமிரும், அம்மா காணாமல் போவாள். கடைசியில் நடைபாதையில் மண்டியிட்டு, கேமராவைத் தரையோடு வைத்தேன். தேவாலயங்கள் மலிந்த இந்த ஊருக்குப் ‘புனித நகரம்’ என்று பட்டப்பெயர். எதிரே வந்த பெரியவர் ஒருவர், நான் தொழுகிறேன் என்று எண்ணித் தொப்பியைக் கழற்றிவிட்டுப் போனார்.

படத்துக்கு நின்று அலுத்துப்போன அம்மா, பிறகு தானாகவே சுவர்களை உற்றுப் பார்க்கத் தொடங்கினாள். “இந்த வீட்டுச் சுவத்துக்கெல்லாம் ஏன் பொட்டு வச்சிருக்கு?” என்றாள். இரும்புப் பொட்டுகள்தாம். 1886 ஆகஸ்ட் 31 இரவு இந்த ஊரைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. விரிசல் விட்ட சுவர்கள் பிரிந்து விழாமலிருக்க, தளத்துக்கு அடியில் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை இரும்புக் கம்பி ஓட்டி, இரு முனையிலும் தகடு வைத்து முறுக்கி இறுக்கினார்கள். சிலர் அந்தத் தகட்டையும் நட்சத்திரமாக, சிங்கமுகமாக அலங்கரித்துக்கொண்டார்கள்.

கிங் தெருவில் 27-ஆம் எண் மாளிகையின் வேலி, கேமராக்காரர்கள் விடாத இன்னொரு அழகு. அதன்மேல் நெடுக ஈட்டி ஈட்டியாக இரும்பு முட்கள். “யாருக்குப் பயந்து இதை வச்சான்?” என்றாள் அம்மா. சரியான கேள்வி. 1822-ல் டென்மார்க் வீசி என்ற கறுப்பினத்தவர் அடிமைகளைத் திரட்டிக் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டார் என்று அவரோடு சேர்த்து 35 பேரைத் தூக்கிலிட்டார்கள். அந்தப் பீதிக்குப் பிறகு வந்த முட்கள் அவை. மாளிகைக்காரர்கள் பயந்தது தங்கள் வீட்டில் சமைத்துப் போட்டவர்களுக்கு.

இன்னும் கொஞ்ச தூரத்தில், காரை உதிர்ந்த ஒரு பழைய செங்கல் சுவரில் அம்மா கையை வைத்தாள். ஒரு கல்லில் சின்னச் சின்னக் குழிகள் தெரிந்தன. விரல் தடங்கள். ஆற்றோரத் தோட்டங்களில் அடிமைகள் அறுத்த செங்கல்கள்தாம் இந்த ஊர். ஈரக் கல்லைத் தூக்கிக் காயவைத்த விரல்கள் பதிந்தபடியே சூளைக்குப் போய்விட்டன. அவற்றில் குழந்தைகளின் விரல்களும் உண்டு. அம்மா தன் விரலை வைத்துப் பார்த்தாள், குழிக்குள் அடங்கவில்லை. “இதை எடுய்யா” என்றாள். ஓரமாக வந்து நிற்கவில்லை.

அந்தப் படத்தை அம்மாவே குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டாள். பாளையங்கோட்டையில் நெடுங்காலமாக வீடு கட்டிக்கொண்டே இருக்கும் பெரியப்பாவிடமிருந்து உடனே பதில் வந்தது: ‘கல் நல்லா வெந்திருக்கு. ஆயிரம் என்ன விலைன்னு விசாரி.’

விசாரிக்க அங்கே இடம் இருக்கிறது என்று எழுதினேன். வட அமெரிக்காவுக்குக் கப்பலில் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களில் ஐந்தில் இரண்டு பேர் வரை இந்தத் துறைமுகம் வழியாக வந்தார்கள் என்பது வரலாற்றாசிரியர்கள் கணக்கு. அவர்களில் பலரை இறக்கிய காட்ஸ்டன் படகுத்துறையில் 2023-ல் ஓர் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். அந்தச் செங்கலின் விலை அங்கேதான் தெரியும். விரல் தடத்தின் கதையையும் சேர்த்து அனுப்பினேன். பெரியப்பா பேரம் பேசாமல் ஒரு பொருளை விட்டதாகச் சரித்திரம் கிடையாது. இந்த முறை ஒரே வரிதான் எழுதினார்: ‘வேண்டாம்யா, கட்டுப்படியாகாது.’