மாநிலமே இல்ல, ஆனா அணில் இருக்கு

மருமவனே, நியூ ஜெர்சியிலருந்து கூட வேல பாக்கற நாலு பேரக் கூட்டிக்கினு பாண்டிக்கு வரன்னு போன்ல சொன்ன. வா, சந்தோசம். "மாமா, எங்க மாநில விலங்கு குதிர, பூவு வயலட், பழம் ப்ளூபெர்ரி, டைனோசர் கூட ஒண்ணு வச்சிருக்கோம், நம்ம மாநிலத்துக்கு இன்னா இருக்கு?"ன்னு கேட்ட பாரு, அங்கதான்டா எனக்குச் சிரிப்பு அடங்கல. நம்மளுது மாநிலமே கெடையாது. யூனியன் பிரதேசம். சட்டசபை உண்டு, முதலமைச்சர் உண்டு, 30 எம்.எல்.ஏ. உண்டு. அதுக்கு மேல டெல்லி பாத்து நியமிக்கற 3 பேரு. கோப்புன்னு ஒண்ணு கெளம்புனா கவர்னர் கையெழுத்துக்குப் போயித்தான் வரணும். மாநில அந்தஸ்து குடுன்னு சட்டசபையில தீர்மானம் போட்டு அனுப்பிக்கினே இருக்காங்க, டெல்லியும் வாங்கி வச்சிக்கினே இருக்கு.

ஆனா விலங்குல நாம கொறஞ்சவங்க இல்ல. 2007-லயே அறிவிச்சிட்டாங்க: அணில், குயில், வில்வ மரம், நாகலிங்கப்பூ. உன் சிநேகிதங்க கேட்டா இத மொதல்ல சொல்லிப்புடு, அந்தஸ்து கதைய அப்பறம் பாத்துக்கலாம். எனக்குத்தான் தொல்ல. கொய்யாவக் கடிச்சுக் கடிச்சுப் போடற அணில கல்லால அடிக்கக் கைய ஓங்குனா, உன் மாமன் பேரன் பரீட்சைக்குப் படிச்ச பய, "தாத்தா, அரசு விலங்கு!"ன்னு கையப் புடிச்சிக்கறான்.

குயில எந்த அதிகாரி பொறுக்குனாரோ, கெட்டிக்காரரு. அது காக்கா கூட்டுல முட்டையிட்டு, வளக்கற வேலைய காக்கா தலையில கட்டிட்டு ஊரச் சுத்தற பறவ. நம்ம ஆரோவில்லயும் அப்பிடித்தான் பாரேன். 1968 பிப்ரவரி 28-ஆம் தேதி 124 நாட்டு மண்ணக் கொண்டாந்து கலசத்துல போட்டு ஆரம்பிச்சாங்க. உலகம் பூரா அத பாண்டிச்சேரின்னு நெனச்சிக்கினு வருது. ஆனா அந்த எடத்துல பெரும்பங்கு விழுப்புரம் மாவட்டம், தமிழ்நாடு. கூடு அவங்களுது, ஓட்டல் வாடகை நமக்கு. அங்க இருக்கற மாத்ரி மந்திர் வாசல்ல நின்னுக்கினு "இது எங்க ஊரு"ன்னு மார்தட்டாத. பக்கத்துல விழுப்புரத்துக்காரன் எவனாவது நின்னுத் தொலைவான்.

நாகலிங்கப்பூவ மட்டும் கிட்டப் போயிக் காட்டு. மத்த மரத்துல பெரும்பாலும் பூவு கெளையில பூக்கும், இது அடிமரத்துலயே கயிறு கயிறாத் தொங்கிப் பூக்கும். இதழுக்கு நடுவுல பாம்பு படம் எடுத்தாப்புல ஒரு வளவு, அதுக்குள்ள சின்ன லிங்கம். நம்ம சனங்க கையெடுத்துக் கும்புடும். அதோட சொந்த ஊரு எதுன்னு நெனைக்கற? தென் அமெரிக்கா! 1775-ல அதுக்குச் சாஸ்திரப் பேரு வச்சவரு ஓப்ளேன்னு ஒரு பிரெஞ்சுக்காரரு. அமெரிக்காவுலருந்து வந்த உன் ஆளுங்ககிட்ட, "உங்க பக்கத்துலருந்து வந்த மரந்தான், இங்க சாமியாயிடுச்சு"ன்னு சொல்லு. மரத்தடியில மட்டும் ரொம்ப நேரம் நிக்க வுடாத. காயி பீரங்கிக் குண்டு சைசுல இருக்கும், தலையில வுழுந்தா விசா கேன்சல்.

வரைபடத்த அவங்க கண்ணுல காட்டாத. காட்டுனா ராத்திரி பூரா வெளக்கம் சொல்லணும். மொத்தம் 490 சதுர கிலோமீட்டர் சொச்சம், அதுவும் நாலு துண்டு. காரைக்கால் தெக்க, ஏனாம் கோதாவரிப் பக்கம், மாகே கேரளத்துல அரபிக் கடலோரம். மாகேக்காரனுக்கு நம்ம முதலமைச்சரப் பாக்கணும்னா ஒரு ராத்திரி ரயிலு. இன்னாத்துக்கு மாகே, எங்க பாகூருக்கே வாயேன். கடலூர் ரோட்டுல கெளம்புனா பாண்டி, நடுவுல ரெட்டிச்சாவடி தமிழ்நாடு, தாண்டுனா மறுபடி பாண்டி. பாட்டில் பையில வச்சிக்கினு வர்ற பயலுவளுக்கு நெஞ்சு அந்த எடத்துல மட்டும் வேகமா அடிக்கும். உனக்கு எதுக்குச் சொல்றன்னா, சும்மாத்தான்.

கடற்கரைன்னு கூட்டிப் போனா, "மணல் எங்கே?"ன்னு கேப்பாங்க. 1980-கள்ல அரியாங்குப்பம் முகத்துவாரத்துல துறைமுகத்துக்குன்னு கல்லுக்கரை கட்டுனாங்க. தெக்கருந்து வடக்க நடந்து வந்துக்கினு இருந்த மணலு அங்கியே நின்னு போச்சு. வடக்கால கடலு கரையத் தின்னுது, நாம கருங்கல்லக் கொட்டுனோம். இப்ப தலைமைச் செயலகத்துக்கு எதிர்ல கடலுக்குள்ள தடுப்பு போட்டு கொஞ்சம் மணலத் திரும்ப வரவச்சிருக்காங்க. அங்க நிக்க வச்சிப் படம் எடு, மத்த எடத்துல கேமராவ வானத்தப் பாக்க வை. பக்கத்துல வெள்ள வெளேர்னு மேரின்னு சொல்ற நகராட்சிக் கட்டடம். பழைய காலத்துதுன்னு ஆசையா எடுப்பாங்க, எடுத்துக்கட்டும். பழசு 2014 மழையில வுழுந்துடுச்சு, இது அதே மாதிரி கட்டி 2021-ல தெறந்தது. மணக்குள விநாயகர் கோயிலு யான எங்கன்னு கேட்டா, பொய் சொல்லாத. லட்சுமி 2022 நவம்பர்ல தவறிடுச்சு, அன்னிக்கு ஊரே தெருவுல நின்னுச்சு.

மஞ்சச் செவுத்துக்கு முன்னாடி கல்யாணத்துக்கு முந்தியே மாலையும் கழுத்துமா நிக்கற சோடிங்க கூட்டத்துல மாட்டிக்காம, ஆயி மண்டபத்துக்கு வா. அரசாங்க முத்திரையில இருக்கறது அதுதான். ஒரு ராசா சாயங்காலம் வந்தாரு, வெளக்கும் வெளிச்சமுமா இருந்த வூட்டக் கோயிலுன்னு நெனச்சிக் கும்புட்டாரு. அது ஆயின்னு ஒரு தாசி வூடு. வெக்கம் தாங்காம "இடி"ன்னாரு. அவ, "நானே இடிச்சிக்கறன்"ன்னு இடிச்சி, அந்த எடத்துல கொளம் வெட்டுனா. பின்னாடி வெள்ளக்காரன் ஊருக்குத் தண்ணி கொண்டாந்தது அந்தக் கொளம் இருக்கற முத்திரையபாளையத்துலருந்துதான். கதையக் கேட்டு மூணாம் நெப்போலியன் காலத்துல மண்டபம் எழும்பிச்சுன்னு சொல்லுவாங்க. கும்புட்டது ராசா, கோவப்பட்டது ராசா, முத்திரையில இருக்கறது அவ. ராசா பேரு ஆளுக்கு ஒண்ணாச் சொல்லுவாங்க, ரசீது கேக்காத.

அரிக்கமேடு போவலாம். ரோமாபுரியோட வியாபாரம் பண்ண எடம், 1945-ல வீலருன்னு ஒரு தொல்பொருள் ஆராய்ச்சிக்காரரு தோண்டுனாரு. பாக்கறதுக்கு தோப்பும் ஒரு பாழடஞ்ச செவுரும்தான். சாமானுங்க மியூசியத்துல. வில்லியனூர் தேருன்னா கட்டாயம் வா. பிரெஞ்சு கவர்னர் வடம் புடிச்ச தேரு, இப்ப டெல்லி அனுப்பற கவர்னர் புடிக்கறாரு.

கடைசியா, சரித்திரம் கேப்பாங்க. 1954 அக்டோபர் 18, கீழூர்ல 178 பேரு ஓட்டுப் போட்டாங்க, 170 பேரு இந்தியாவோட சேரலாம்னாங்க. நாலு பேரு கூடுனா நாப்பது கட்சி ஆவற ஊருல இது பெரிய விசயம். நவம்பர் 1-ல ஆட்சி கை மாறுச்சு, சட்டப்படி காயிதம் முடிய 1962 ஆகஸ்ட் 16 ஆச்சு. அதனாலதான் நமக்கு விடுதல நாளு ஒண்ணுக்கு ரெண்டு. அப்ப பிரெஞ்சுக் குடியுரிமைய வச்சிக்கினவங்க வூட்டுல, பட்டாளத்துல இருந்த சொல்தா தாத்தாவுக்கு இன்னும் அங்கருந்து பென்சன் வருது. நம்ம சட்டசபைக்கு அவங்க ஓட்டுப் போட முடியாது. பிரான்சு அதிபர் தேர்தல் வந்தா, இஸ்திரி போட்ட சட்டையோட போயி ஓட்டுப் போட்டுட்டு வராங்க. நம்ம முதலமைச்சருக்கு ஒரு கோப்ப நவுத்த கவர்னர் வேணும், எங்க தெருவு தாத்தா பாரிசுல யாரு ஒக்காரணும்னு முடிவு பண்றாரு. உன் ஆளுங்கள மொதல்ல அவருகிட்ட கூட்டிப் போ. பிரெஞ்சுல வணக்கம் சொல்லக் கத்துக்கினு வரச் சொல்லு, இல்லன்னா திண்ணையில ஒக்காரச் சொல்ல மாட்டாரு.