மேடை தந்த மகராசர்கள்

தாராள மனசு என்றால் டிக்டாக் நடத்துகிறவர்களின் மனசுதான். கையில் ஒரு செல்போன், பின்னணியில் ஒரு பாட்டு. நிறமென்ன, காசென்ன என்று கேட்காமல் "ஏறி ஆடு" என்று சொல்லிவிட்டார்கள். ஒடுக்கப்பட்டவர் கைக்கு அதிகாரம் இவ்வளவு மலிவாக வந்ததே இல்லை. ஆடியவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்பது அற்பர்களின் வழக்கம்.

ஜலையா ஹார்மனையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில், அட்லாண்டாவுக்குப் பக்கத்து ஊரில் வாழ்ந்த 14 வயதுக் கறுப்பினச் சிறுமி. 2019 செப்டம்பரில் ஒருநாள் பள்ளி விட்டு வந்து, கே கேம்ப் பாடிய 'லாட்டரி' பாட்டுக்குக் கையை அலையாக நெளித்து, சட்டென்று வெட்டி நிறுத்தி, மூச்சு வாங்கும் வேகத்தில் ஸ்டெப் கோத்து இன்ஸ்டாகிராமில் போட்டாள். யாரோ அதை டிக்டாக்குக்குத் தூக்கிப் போனார்கள். 'ரெனகேட்' என்று பேராகி, சார்லி டி'அமேலியோ என்ற வெள்ளைக்காரப் பெண் ஆட, ஊர் உலகமே ஆடியது. பெற்றவளுக்கு வளர்க்கிற சிரமம்கூட வைக்கவில்லை! அவளோ ஒவ்வொரு வீடியோவின் கீழும் போய், ஆட்டம் தன்னுடையது, பேரைப் போடுங்கள் என்று கேட்டாள். பலர் கண்டுகொள்ளவில்லை, சிலர் கிண்டலடித்தார்கள். சின்ன வயதில் புகழ் தலைக்கேறக் கூடாதே என்ற அக்கறைதான். 2020 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் அவள் பேரை வெளியிட்டு அந்த அக்கறையைக் கெடுத்தது.

செயலியைக் குறை சொல்லவே முடியாது. பாட்டு யாருடையது என்று திரையின் அடியில் தானாகவே ஓடும். ஓரத்தில் இசைத்தட்டு சுழலும். ஸ்டெப் யாருடையது என்று எழுதத்தான் இடம் போதவில்லை. அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, பேர் போடும் வசதியைத் தந்தது 2022 மே மாதம். அதற்குள் சார்லியின் 2021 வருமானம் 1.75 கோடி டாலர் என்று ஃபோர்ப்ஸ் கணக்குப் போட்டிருந்தது. ஜிம்மி ஃபாலனின் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் டிக்டாக் நட்சத்திரம் அடிசன் ரே 8 ஆட்டங்களை வரிசையாக ஆடிக் காட்டியதும் 2021-ல்தான். ஆக்கியவர்களின் பேரைச் சொல்லி நேயர்களைச் சலிப்படைய வைக்கவில்லை. கூச்சல் கிளம்பிய பிறகு அவர்களையும் வீடியோவில் கூப்பிட்டுப் பேசினார்கள்.

எளியவர்மேல் வைத்த பாசம் எழுத்திலும் இருந்தது. மாற்றுத்திறனாளிகள் கேலிக்கு ஆளாகலாம், ஆகவே அவர்கள் வீடியோ அதிகம் பேர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஊழியர்களுக்கு விதி இருந்ததை 2019 டிசம்பரில் நெட்ஸ்பொலிட்டிக் என்ற ஜெர்மன் தளம் வெளியிட்டது. கேலி செய்கிறவனை விரட்டுவதைவிட, கேலிக்கு ஆளாகிறவனை மறைத்து வைப்பது எவ்வளவு சிக்கனம்! 2020 மார்ச்சில் இன்டர்செப்ட் என்ற செய்தித் தளம் வெளியிட்ட டிக்டாக் ஆவணங்களில் ரசனை இன்னும் நுட்பம். தொப்பை, முகச்சுருக்கம், குடிசைப் பகுதி, இடிந்த வீடு தெரிகிற வீடியோக்களைப் பரிந்துரைக்காதே. புதிதாக வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். வயல்வெளியும் ஆகாது. ஆனால் கிராமத்து இயற்கைக் காட்சி அழகாக இருந்தால் விலக்கு உண்டு. அதாவது குடிசை ஆகாது, குடிசைக்குப் பின்னால் நிற்கிற மலை ஆகும். அந்த விதிகளில் பெரும்பாலானவை இப்போது நடப்பில் இல்லை என்று நிறுவனமே சொல்லிவிட்டது. சொன்னால் நம்ப வேண்டியதுதானே.

இத்தனை செய்தும் கறுப்பின ஆட்டக்காரர்கள் நன்றி மறந்தார்கள். 2021 ஜூனில் ராப் பாடகி மேகன் தீ ஸ்டாலியனின் புதுப்பாட்டு வந்தது. வழக்கம்போல ஸ்டெப் போட்டுத் தராமல், வேலைநிறுத்தம் என்று கையைக் கட்டிக்கொண்டார்கள். காத்திருந்தவர்கள் பாவம், தாங்களே ஏதோ செய்து பார்த்தார்கள்: பாட்டு ஒரு பக்கம் போக, இடுப்பு ஒரு பக்கம் போக, கை மட்டும் காற்றில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. வேலைநிறுத்தக்காரர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்களாம். அதிகாரம் கொடுத்தது ஆடுவதற்கு. ஆடாமல் இருக்க இவர்களுக்கு யார் கொடுத்தார்கள்?