இல்லாத பாட்டுக்கு உறை: ஓர் அழிப்பியல் ஆய்வு

உறை என்பது யாதோ எனின், பாட்டு வருமுன் வருவது; பாட்டு வராமலே போனாலும் வந்து நிற்பது. இவ்விலக்கணத்தின் பிற்பகுதிக்கு இலண்டன் பள்ளிகளே சான்று. ஓ.சி.ஆர். தேர்வு வாரியத்தின் பழைய ஏ லெவல் ஊடகவியல் பாடத்திட்டப்படி, மாணவர் ஒரு பாட்டுக்கு வீடியோ எடுக்கலாம்; கூடவே அது இடம்பெறும் தொகுப்புக்கு ‘டிஜிபேக்’ எனப்படும் மடிப்பட்டை உறையும் செய்து கொடுக்கலாம். இசைக்குழு கற்பனை, தொகுப்பு கற்பனை, உள்ளே வைக்கச் சீடி கிடையாது. உறைக்கு மட்டும் மதிப்பெண் நிஜம்.

உறையில் என்ன இருக்கிறது என்றே அறிஞர் உலகம் இதுகாறும் ஆராய்ந்து களைத்திருக்கிறது. அதிலிருந்து எது அழிக்கப்பட்டது என்று பார்ப்பதே முறை என்பது இவ்வாய்வின் துணிபு.

மூலபாடங்களை நோக்குக. 1967இல் செல்சியில் ஒரு ஸ்டூடியோவில், பீட்டில்ஸின் ‘சார்ஜண்ட் பெப்பர்’ உறைக்காகப் பீட்டர் பிளேக்கும் ஜான் ஹாவொர்த்தும் புகழ்பெற்றவர்களின் ஆளுயர அட்டைப் படங்களைக் கூட்டமாக நிறுத்தினார்கள். கூட்டத்தில் காந்தியும் இருந்தார். இந்தியாவில் மனம் புண்படும், கூடவே வியாபாரமும் படும் என்று இ.எம்.ஐ. நிறுவனம் அஞ்சியது. 1942இல் ‘வெள்ளையனே வெளியேறு’ என்றவரைச் சரியாக 25 ஆண்டு கழித்து இலண்டன் வெளியேற்றியது. பரமஹம்ச யோகானந்தர் முதலிய நான்கு குருமார் மட்டும் இன்றும் அங்கே நிற்கிறார்கள். சாமியார்களால் விற்பனை கெடாது என்று அன்றே தெரிந்திருக்கிறது.

அழித்தலுக்கு உடன்பிறந்தது ஒட்டுதல். 1976 டிசம்பரில் பிங்க் ஃபிளாய்டு இசைக்குழுவின் உறை ஒன்றுக்காகப் பேட்டர்சி மின்நிலையத்துக்கு மேலே 40 அடி நீளப் பலூன் பன்றியைப் பறக்கவிட்டார்கள். அது கயிறறுத்து ஹீத்ரோ விமானப் பாதைக்குள் நுழைந்து, கடைசியில் கெண்ட் மாவட்டத்து வயல் ஒன்றில் இறங்கியது. முடிவில், மேகம் நன்றாக இருந்த ஒரு நாளின் வானத்தில் வேறொரு நாளின் பன்றியை ஒட்டி உறையை முடித்தார்கள். 1990இல் போட்டோஷாப் வந்தபின் பன்றியை ஒட்டப் பன்றியே தேவையில்லை என்றாயிற்று.

அற்றேல், பணம் படைத்தோர் செய்தவை ஹாரோவில் படிக்கும் பிள்ளைக்குப் பொருந்துமோ எனின், அவளுக்கே பொருந்தும். 1969 ஆகஸ்ட் 8 அன்று பீட்டில்ஸின் இன்னோர் உறைக்காக ஏபி ரோட்டில் ஒரு போலீஸ்காரர் வண்டிகளை நிறுத்தித்தர, ஏணிமேல் நின்று ஆறே படத்தில் வேலையை முடித்தார் இயன் மேக்மில்லன். நம் மாணவி வாட்டர்லூ நிலையத்தின் அடியில், சுவரெல்லாம் கிராஃபிட்டி நிறைந்த லீக் ஸ்ட்ரீட் சுரங்கவழியில் தோழியின் போனுக்கு முன்னால் நின்றபோது, நிறுத்தித்தர ஆளில்லை. பின்னால் ஒரு கல்யாண ஜோடி, இன்னொரு பள்ளியின் முக்காலி, ஸ்ப்ரே டப்பாவோடு ஒரு தாத்தா. ‘குளோன் ஸ்டாம்ப்’ கருவியால் சுவரைச் சுரண்டிச் சுரண்டி மூவரையும் பூசி மறைத்தாள். தாத்தாவின் ஒரு செருப்பு மட்டும் மிச்சம். அதன்மேல் இசைக்குழுவின் பெயரை வைத்துவிட்டாள். எழுத்து ஏன் வலது மூலையில் இருக்கிறது என்று நாளை யாராவது ஆய்வு செய்தால் நினைவிற் கொள்க.

அடுத்தது தலைமுடி. ‘மந்திரக்கோல்’ என்ற கருவி நேரான கோட்டைக் கண்டால் வெட்டும். சுருள்முடியைக் கண்டால் தின்னும். தின்றது போக எஞ்சியதைச் சுற்றி வெள்ளையாக ஒரு விளிம்பு நின்றது, சிவகாசி நாட்காட்டி முருகனுக்குப் பின்னாலிருக்கும் ஒளிவட்டம் மாதிரி. சீடி உறையின் பக்கம் 12 செ.மீ.; அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட 1417 பிக்சல் வேண்டும். தோழி படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியதால் அது வழியிலேயே இளைத்து வந்து சேர்ந்தது. அதில் முகத்தை மட்டும் வெட்டி இழுத்ததில் கன்னமெல்லாம் கட்டம் கட்டமாயிற்று. கட்டத்தை மறைக்கக் கறுப்பு வெள்ளை. விளிம்பை மறைக்க இருட்டு. இருட்டை விளக்க, ஆசிரியருக்கு எழுதிய மதிப்பீட்டுக் கட்டுரையில் ‘நவீன நகர வாழ்வின் தனிமை’.

அம்மா அக்கட்டுரையை வாசித்தவரல்லர்.

“ஏன் பிள்ளை, முகம் இருட்டாக் கிடக்கு? லைட்டைப் போட்டு எடுத்திருக்கலாமே?”

“அது மூட், அம்மா.”

“மூட் எண்டா? கரண்ட் கட்டோ?”

இவ்விடத்தில் மாயா அருள்பிரகாசத்தைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியிருக்கிறது. 1975இல் ஹவுன்ஸ்லோவில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து, இலண்டனுக்குத் திரும்பி சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸில் படித்தவர். எலாஸ்டிகா குழுவின் ‘தி மெனஸ்’ தொகுப்புக்கு 2000இல் உறை அமைத்தார். எம்.ஐ.ஏ. என்ற பெயரில் அவருடைய முதல் தொகுப்பு ‘அருளர்’ வந்தது 2005இல். உறை முந்திற்று, பாட்டு பிந்திற்று. ஆய்வின் முதல் வரி நிறுவப்பட்டது. 2010இல் வந்த ‘மாயா’ உறையிலோ, யூடியூபின் ஓடுபட்டைகளைக் குவித்துத் தன் முகத்தையே பெரும்பாலும் மறைத்துக்கொண்டார். அவர் வீட்டில் யாரும் லைட்டைப் பற்றிக் கேட்டார்களா என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

பின் உறைக்கு வருவோம். நிஜ உறை போலத் தெரிய வேண்டுமென்று பெற்றோரை எச்சரிக்கும் கறுப்பு வெள்ளை முத்திரையையும் ஒட்டினாள். உறை முழுவதிலும் அம்மாவுக்கென்றே எழுதப்பட்டது அது ஒன்றுதான். அம்மா அதைப் பார்க்கவேயில்லை. பிறகு பார்கோடு. பிரிட்டனில் பதிவான பார்கோடுகள் 50இல் தொடங்கும். இவள் உறையில் 890 என்றிருந்தது; அது இந்தியாவுக்குரிய எண். விசாரித்ததில், சமையலறையில் கிடந்த முறுக்குப் பாக்கெட்டைப் போனில் படமெடுத்து ஒட்டியிருக்கிறாள். மேற்பார்வையாளர் ‘தொழில்முறைத் தரம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஈஸ்ட் ஹாமில் எந்தக் கடையில் கொண்டுபோய் ஸ்கேன் செய்தாலும் அத்தொகுப்பு 200 கிராம், காரம்.