இடுப்பு பெல்ட்டுக்கு ஒரு வாழ்த்து

முதுகு விஷயத்தில் எங்கள் ஊர் கள்ளிக்குப்பம் உலக சுகாதார நிறுவனத்தையே மிஞ்சிவிட்டது. நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு அந்த நிறுவனம் 2023 டிசம்பரில் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. வலியைப் புரிந்துகொள்ளுங்கள், உடற்பயிற்சி செய்யுங்கள் என்றது. பெல்ட்டும் இழுவை சிகிச்சையும் வழக்கமாக வேண்டாம் என்றது. ஜெனீவாவில் உட்கார்ந்து சொல்வது சுலபம். அம்பத்தூர் எஸ்டேட் பஸ்ஸில், சட்டைக்கு மேல் பெல்ட் தெரிந்தால்தான் யாராவது எழுந்து இடம் தருவார்கள்.

பிசியோதெரபிஸ்ட்டுகள்தான் பாவம். "தினமும் நடங்க, குனியப் பயப்படாதீங்க, படுத்தே கிடக்காதீங்க" என்கிறார்கள். இதற்கா ஃபீஸ்? ஒயர் ஒட்டி, கரண்ட் விட்டு, குறுகுறுத்தால்தானே வைத்தியம்! ஆனாலும் அவர்கள் தந்த பயிற்சித் தாளை நாம் மதிக்கிறோம். ஃபிரிட்ஜ் கதவில், காந்தத்துக்கு அடியில், கசங்காமல் இருக்கிறது.

ஸ்கேன் இன்னும் உயர்ந்தது. வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களை அலசி 2015-இல் ஓர் ஆய்வுத் தொகுப்பு வந்தது. டிஸ்க் பிதுக்கம் 20 வயதில் 30 சதவீதம் பேருக்கு, 80 வயதில் 84 சதவீதம் பேருக்கு. இத்தனை பேர் தங்கள் நோய் தெரியாமல் நிம்மதியாகத் திரிகிறார்கள்! இதைச் சும்மா விடலாமா?

எங்கள் தெருவில் எண்பது தாண்டிய பாட்டி ஒருவர் விடியற்காலையில் குனிந்து வாசல் பெருக்கி, கோலம் போட்டு, தண்ணீர்க் குடமும் தூக்குகிறார். முதுகு வலியா? கிடையாதாம். பெல்ட் கட்டிய நாங்கள் எல்லாரும் கூடிப் பேசி, பணம் போட்டு, அவருக்கு எம்ஆர்ஐ ஸ்கேனுக்குத் தேதி வாங்கிவிட்டோம். ஆட்டோவும் சொல்லியாச்சு. பாட்டிதான் நடந்தே வருகிறேன் என்று அடம்பிடிக்கிறார்.